பிரவுனி போட்ட சங்கதிகள்



ஜாஸ் ட்ரம்பெட் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்கள், நான் லூயி ஆம்ஸ்ட்ராங்கையோ மைல்ஸ் டேவிஸையோ எடுத்துக்கொள்வேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஜாஸ் ஒரு தடவைகூடக் கேட்காதவருக்கும் அந்த இரண்டு பெயர் தெரியும். நான் பேச வந்திருப்பது மூன்றாவது ஒருவரைப் பற்றி. ரசிகர் வட்டத்துக்கு வெளியே அவர் பெயர் அதிகம் அடிபடாது. ஆனால் ட்ரம்பெட் வாசிக்கிறவர்களிடம் போய், யாரைக் கேட்டு வளர்ந்தாய் என்று விசாரித்துப் பாருங்கள். கிளிஃபோர்ட் பிரவுன் என்பார்கள். நெருங்கியவர்களுக்கு அவர் பிரவுனி.

பிறந்தது 1930 அக்டோபர் 30. இறந்தது 1956 ஜூன் 26. இருபத்தாறு வயது நிரம்பவில்லை. அவர் வாசிப்பு முதன்முதலாக இசைத்தட்டில் பதிவானது 1952 மார்ச்சில். அதாவது, நம் கையில் இருப்பதெல்லாம் நாலு வருஷத்துச் சொச்ச வாசிப்பு. அந்த நாலு வருஷத்தை வைத்துக்கொண்டு எழுபது வருஷமாக ட்ரம்பெட்காரர்கள் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவரைப் பற்றிப் பேசுகிற யாரும் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விடமாட்டார்கள். ஒன்று, வாசிப்பு. இன்னொன்று, 'தங்கமான பையன். குடி கிடையாது, ஊசி கிடையாது' என்பது. இந்த இரண்டாவது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரவுனின் ஊர், அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்து வில்மிங்டன். பிலடெல்ஃபியாவுக்குப் பக்கம். அப்பா ஜோ பிரவுன் யாரிடமும் போய்ப் பாடம் கேட்காமல் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டவர். வீட்டில் நாலைந்து வாத்தியங்களை வைத்திருந்தார். பையனுக்குக் கண் போனது பளபளக்கிற ட்ரம்பெட் மேல். பதின்மூன்று வயதுவாக்கில் சொந்தமாக ஒன்று கைக்கு வந்தது. அந்த ஊரில் ராபர்ட் லோவரி என்று ஒரு வாத்தியார், 'பாய்ஸி' என்பார்கள். எழுதி வைத்ததைப் பார்த்து வாசிப்பதோடு நிறுத்தாமல், ஒரு பாட்டின் அடியில் ஓடுகிற ஸ்வரக் கட்டுகளைக் காதால் பிடித்து, அதன் மேல் சொந்தமாகச் சங்கதி போடச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பையனுக்குக் கணக்கிலும் மூளை ஓடும். டெலவேர் ஸ்டேட் கல்லூரியில் சேர்ந்தது கணக்குப் படிக்கத்தான். பிறகு மேரிலாண்ட் ஸ்டேட் கல்லூரிக்கு இசைக்காகப் போனார். கணக்கும் செஸ்ஸும் கடைசிவரை அவரை விடவில்லை.

1950 ஜூனில், ஓர் இரவு நிகழ்ச்சி முடித்துத் திரும்பும்போது கார் விபத்து. ஏறக்குறைய ஒரு வருஷம் படுக்கை. ட்ரம்பெட்டைத் தூக்க முடியாத நாட்களில் பியானோ முன்னால் உட்கார்ந்து நேரத்தைத் தள்ளினார். ட்ரம்பெட் மேதை டிஸி கில்லெஸ்பி ஆஸ்பத்திரிக்கே வந்து, இசையை விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முந்தைய வருஷம் கில்லெஸ்பியின் குழு வில்மிங்டனுக்கு வந்தபோது ஒரு ட்ரம்பெட்காரர் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து வாசித்தது இந்த உள்ளூர்ப் பையன். அதை மறக்காமல் வந்திருந்தார் அந்தப் பெரிய மனிதர்.

இங்கே நிறுத்தி ட்ரம்பெட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அது தெரியாமல் பிரவுனைப் புகழ்ந்தால் வெறும் புகழ்ச்சியாகத்தான் இருக்கும்.

ட்ரம்பெட்டில் அமுக்குவதற்கு மூன்றே மூன்று வால்வு. மூன்றை வைத்துக்கொண்டு எத்தனை ஸ்வரம் வரும்? வால்வு குழலின் நீளத்தைத்தான் மாற்றும். ஒரே விரல் வைப்பில் ஐந்தாறு ஸ்வரம் ஒளிந்திருக்கும். அவற்றில் எது வெளியே வர வேண்டும் என்று தீர்மானிப்பது உதடு. ஒரு நூலிழை இறுக்கினால் மேலே போகும், தளர்த்தினால் கீழே விழும். ஸ்வரம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை நாக்கு சொல்லும். ஆக விரல், உதடு, நாக்கு, மூச்சு நான்கும் ஒரே கணத்தில் ஒத்துப்போனால்தான் ஒரு ஸ்வரம் சுத்தமாக விழும். மெதுவான பாட்டில் இது பெரிய காரியமில்லை. விநாடிக்கு எட்டு, ஒன்பது ஸ்வரம் ஓடும்போது நாக்கு முந்தும், விரல் பிந்தும். கேட்கிறவர் காதுக்கு அது எண்ணெய் தடவியது போல வழுக்கும். 1940களில் பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணி வந்த பிறகு ட்ரம்பெட்காரர்களில் பலர் இந்த வழுக்கலை வேகத்துக்குக் கொடுக்கிற விலையாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நன்றாக வாசித்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிரவுன் அந்த விலையைக் கொடுக்க மறுத்தார். 1955 பிப்ரவரியில் பதிவான 'செரோக்கி'யைக் கேளுங்கள். மூச்சுவாங்குகிற வேகம். அதற்குள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு தலை, ஒரு உடம்பு, ஒரு வால் இருக்கிறது. அதைவிட ஆச்சரியம், குரல் மெலியவில்லை. வேகமாகப் போனால் ட்ரம்பெட்டின் குரல் ஒட்டிப்போகும். இவருக்கு மட்டும் மெதுவான பாட்டில் இருக்கிற அதே கொழுப்பும் வெதுவெதுப்பும் அங்கேயும் இருக்கிறது. இந்தச் சதைப்பற்றை அவர் ஃபேட்ஸ் நவாரோவிடமிருந்து எடுத்துக்கொண்டார். நவாரோ 1950இல் இருபத்தாறு வயதில் காசநோயாலும் ஹெராயினாலும் போய்ச் சேர்ந்தவர். எடுத்துக்கொண்டதை நவாரோ போன இடத்துக்கு மேலேயும் கொண்டுபோனார் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டு, கேள்வி நேரத்தில் வாருங்கள்.

1953இல் லயனல் ஹாம்ப்டனின் பெரிய குழுவோடு ஐரோப்பா போனார். அந்த ட்ரம்பெட் வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆர்ட் ஃபார்மரும் குயின்ஸி ஜோன்ஸும். வெளியே தனியாகப் பதிவு செய்யக் கூடாது என்பது ஹாம்ப்டனின் உத்தரவு. பையன்கள் கேட்பார்களா? ராத்திரி ஓட்டலை விட்டு நழுவிப் போய் ஸ்டாக்ஹோமிலும் பாரிஸிலும் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். குயின்ஸி ஜோன்ஸ் எழுதிய 'ஸ்டாக்ஹோம் ஸ்வீட்னின்' அப்படித் திருட்டுத்தனமாகப் பிறந்த தட்டுதான்.

அந்தப் பயணத்தைப் பற்றி ஆர்ட் ஃபார்மர் பின்னாளில் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். சாரம் இதுதான்: தினமும் இவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது எனக்குப் பெரும் பாடாக இருந்தது, ஆனால் ஆள் அத்தனை இனியவனாக இருந்ததால் பிடிக்காமல் இருக்க வழியில்லை. ஃபார்மர் சாதாரணமானவரில்லை, அவரும் முதல் வரிசை வித்வான். ஒரு வித்வான் இன்னொரு வித்வானைப் பற்றி, அதுவும் அதே வாத்தியக்காரரைப் பற்றி, பொறாமையை மறைக்காமலே அன்போடு பேசுவதை நம் ஊர் மேடைகளில் நான் அதிகம் கேட்டதில்லை. சரி, விடுங்கள்.

1954 பிப்ரவரி 21, நியூயார்க்கில் பேர்ட்லாண்ட் என்ற கிளப். ட்ரம்ஸில் ஆர்ட் பிளேக்கி, பியானோவில் ஹோரஸ் சில்வர், சாக்ஸபோனில் லூ டொனால்ட்ஸன். அன்றிரவு நடந்தது முழுவதையும் ப்ளூ நோட் கம்பெனி பதிவு செய்தது. பிரவுன் யார் என்று ஊருக்குத் தெரிந்தது அங்கேதான். அந்த வருஷமே மேக்ஸ் ரோச் அவரைக் கலிஃபோர்னியாவுக்குக் கூப்பிட்டார். ரோச் ட்ரம்ஸில் முன்னமே பெரிய பெயர். சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரோடு வாசித்தவர். ஆறு வயது மூத்தவர், தன் பெயருக்குச் சமமாக இந்தச் சின்னப் பையன் பெயரையும் போட்டுக் குழு அமைத்தார். சொல்லப்போனால், பையன் பெயர்தான் முதலில் வரும்: கிளிஃபோர்ட் பிரவுன் – மேக்ஸ் ரோச் குவிண்டெட். சாக்ஸபோனில் ஹெரால்ட் லாண்ட், பியானோவில் ரிச்சி பவல், பாஸில் ஜார்ஜ் மாரோ.

அந்தக் குழுவுக்காகப் பிரவுன் எழுதிய பாட்டுகளில் 'ஜாய் ஸ்பிரிங்' ஒன்றை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். மனைவி லாரூவை அவர் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார். லாரூ மேற்கத்திய சாஸ்திரிய இசை படித்தவர், ஜாஸை மட்டமாக நினைத்தவர். அவருக்குப் போய் இந்தப் பெயர். பாட்டு முப்பத்திரண்டு தாள அளவு. எட்டு எட்டாக நாலு பாகம். முதல் எட்டு எஃப் சுருதியில் வரும். இரண்டாவது எட்டில் அதே மெட்டு, ஆனால் சுருதி அரை ஸ்வரம் ஏறியிருக்கும். மூன்றாவது பாகம் இன்னும் ஓர் அரை ஸ்வரம் ஏறி ஜியில் தொடங்கும். தொடங்கிய வேகத்தில் எஃப், ஈ ஃப்ளாட் என்று படி படியாக இறங்கி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, நாலாவது பாகத்துக்குப் பழைய எஃபிலேயே வந்து நிற்கும். நம் கச்சேரியில் பாடகர் இப்படிச் சுருதியை நகர்த்தினால் தம்புராக்காரர் எழுந்து போய்விடுவார். ஆனால் இதைக் கேட்கிறபோது ஏதோ நகர்ந்தது என்றே தோன்றாது. மெட்டு அவ்வளவு எளிதாக உதட்டில் உட்காரும்; விசில் அடித்துக்கொண்டே நடந்து போகலாம். உள்ளே கணக்கு, வெளியே குஷி. கணக்குப் படிக்கப் போன பையனின் வேலை இது.

1955 கடைசியில் ஹெரால்ட் லாண்ட் வீட்டுக் காரணமாக ஊர் திரும்ப, அவர் இடத்துக்கு ஸோனி ராலின்ஸ் வந்தார். ராலின்ஸ் அப்போது ஹெராயின் பழக்கத்திலிருந்து வெளியே வந்திருந்தார். கென்டக்கியில் லெக்ஸிங்டன் என்ற இடத்தில் அரசாங்கம் நடத்திய மருத்துவமனையில் இருந்து மீண்டு, சிகாகோவில் ஒதுங்கியிருந்தவர். நல்ல வாழ்க்கை வாழ்ந்துகொண்டே நல்ல ஜாஸ்காரனாகவும் இருக்க முடியும் என்பதைக் கிளிஃபோர்ட் எனக்குக் காட்டினார் என்று ராலின்ஸ் பிற்காலத்தில் சொன்னது, பிரவுனைப் பற்றி எழுதுகிற யாரும் தவறாமல் எடுத்துப்போடும் மேற்கோளாகிவிட்டது.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். சார்லி பார்க்கர் 1955 மார்ச்சில் முப்பத்துநாலு வயதில் செத்தார். பிணத்தைப் பார்த்த டாக்டர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார். பார்க்கரைப் போல வாசிக்க வேண்டுமென்றால் பார்க்கரைப் போல ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு தலைமுறையே நம்பியது. இது மிகைப்பேச்சில்லை, நம்பிப் போனவர்களே பின்னாளில் சொன்னது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவன் காலையில் எழுந்து பயிற்சி செய்கிறான், மத்தியானம் செஸ் ஆடுகிறான், ராத்திரி எல்லாரையும் விட நன்றாக வாசிக்கிறான். வாதம் எதுவும் செய்யவில்லை. ஆனால் வாதத்தை ஜெயித்துவிட்டான்.

1956 ஜூன் 26. அடுத்த நிகழ்ச்சி சிகாகோவில். பிலடெல்ஃபியா பக்கத்திலிருந்து பிரவுன், ரிச்சி பவல், பவலின் மனைவி நான்ஸி மூவரும் ராத்திரி காரில் புறப்பட்டார்கள். ஓட்டியது நான்ஸி. பென்ஸில்வேனியா நெடுஞ்சாலையில், பெட்ஃபோர்ட் அருகே, மழையில் கார் சாலையை விட்டுப் புரண்டது. மூவருமே போய்விட்டார்கள். அன்று லாரூவின் பிறந்தநாள். இருவருக்கும் கல்யாணமாகி அன்றோடு இரண்டு வருஷம்.

செய்தி வந்தபோது கில்லெஸ்பியின் குழு ஹார்லத்தில் அப்பல்லோ தியேட்டரில் இருந்தது. இரண்டு காட்சிகளுக்கு நடுவில் சொல்லிவிட்டார்கள். அடுத்த காட்சிக்கு மேடை ஏறியாக வேண்டும். ஏறி வாசித்தார்கள். அந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்த பென்னி கோல்ஸன், 1953இல் அட்லாண்டிக் சிட்டியில் டாட் டாமரன் குழுவில் பிரவுனோடு சேர்ந்து வாசித்தவர். அவர்தான் பிறகு 'ஐ ரிமெம்பர் கிளிஃபோர்ட்' என்ற மெட்டை எழுதினார். இரங்கல் பாட்டு என்றால் அழுகை வழியும் என்று எதிர்பார்ப்போம். இதில் வழியாது. மெட்டு நெடுக ட்ரம்பெட்டுக்கு மூச்சு விட இடம் வைத்து, பிரவுன் மெதுவான பாட்டில் எப்படி ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்துவாரோ அந்த இடங்களைக் காலியாக விட்டு எழுதியிருக்கிறார். வாசிக்கிறவர் அதில் பிரவுனாகவும் இருக்க வேண்டும், தானாகவும் இருக்க வேண்டும். அதனால்தான் இது ட்ரம்பெட்காரர்களுக்கெல்லாம் ஒரு பரீட்சைத் தாளாகிவிட்டது. அந்தப் பரீட்சையை 1957 மார்ச்சில், கோல்ஸனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுதினான் ஒரு பதினெட்டு வயதுப் பையன்: லீ மோர்கன். பிலடெல்ஃபியாக்காரன், பிரவுனை நேரில் கேட்டு வளர்ந்தவன்.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? கலைஞர்களைவிட அவர்கள் கொஞ்சமும் சளைத்தவர்களில்லை. பழைய ரெகார்ட் பிளேயர்கள் சிலவற்றில் பதினாறு என்று ஒரு வேகம் இருக்கும், நினைவிருக்கிறதா? முப்பத்துமூன்றில் சுற்ற வேண்டிய தட்டைப் பதினாறில் சுற்றவிட்டால் வேகம் சரிபாதியாகும். சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், ஸ்வரம் மாறாது. அப்படி வைத்து, ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, தட்டு தேயத் தேயச் சங்கதி சங்கதியாக எழுதி எடுத்தார்கள் மாணவர்கள். மற்றவர்கள் வாசிப்பைப் பாதி வேகத்தில் கேட்டால் ஓட்டை உடைசல் தெரியும். பிரவுனைப் பாதி வேகத்தில் கேட்டால் அதுவே தனியாக ஒரு நல்ல பாட்டாக இருக்கும்.

ரசிகர்களின் அன்பு ஒரு பொய்யையும் வளர்த்தது. 1973இல் கொலம்பியா கம்பெனி 'தி பிகினிங் அண்ட் தி எண்ட்' என்று ஒரு தட்டு வெளியிட்டது. பிலடெல்ஃபியாவில் மியூசிக் சிட்டி என்ற வாத்தியக் கடையில் நடந்த வாசிப்பு அதில் இருக்கிறது. இறப்பதற்குச் சில மணி நேரம் முன்னால் வாசித்தது என்று அட்டையில் சொன்னார்கள். எத்தனை பேர் அதைக் கண் கலங்கக் கேட்டிருப்பார்கள்! ஆராய்ந்தவர்கள் பிறகு தேதியைத் தோண்டி எடுத்தார்கள்: 1955 மே 31. ஒரு வருஷத்துக்கு மேல் முந்தையது. உண்மை தெரிந்த பிறகும் பழைய கதையையே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாசிப்பில் மரணத்தின் நிழல் தெரிகிறது என்றுகூட எழுதினார்கள். நான் பலமுறை கேட்டுவிட்டேன். தெரிவதெல்லாம் கூட்டத்தைக் கண்டு குஷியான ஓர் இளைஞன், 'எ நைட் இன் டுனீஷியா'வை முடிக்க மனசில்லாமல் நீட்டிக்கொண்டே போவதுதான்.

சண்டைக்கு வருகிறேன். செத்த கையோடு பிரவுனைத் தேவதூதனாக்கிவிட்டார்கள். நல்லவன், சாந்தமானவன், ஒழுக்கமானவன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஒழுக்கம்தான் அவர் விட்டுச்சென்ற பெரிய செல்வாக்கு என்று சொல்லும்போது எனக்கு இடிக்கிறது. அவர் வாசிப்பில் குறும்பு இருக்கிறது, ரோச்சின் ட்ரம்ஸோடு மல்லுக்கட்டுகிற முரட்டுத்தனம் இருக்கிறது, 'என்னைப் பிடி பார்க்கலாம்' என்கிற திமிர்கூட இருக்கிறது. புனிதர் படத்துக்குள் இதெல்லாம் அடங்காது.

தவிர, ஒழுக்கம் அப்படிச் சுலபமாகக் கைமாறுவதில்லை. ராலின்ஸ் பிரவுன் குழுவில் சேரும் முன்பே பழக்கத்தை விட்டு வெளியே வந்திருந்தார். பிரவுன் அந்த முடிவுக்கு ஒரு சாட்சியாக இருந்தார். பிரவுனை உயிராக நினைத்த லீ மோர்கன் ஹெராயினில் விழுந்தார். 1972 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஸ்லக்ஸ் என்ற கிளப்பில், அவரைத் தெருவிலிருந்து மீட்டெடுத்த பெண்ணின் துப்பாக்கியாலேயே, முப்பத்துமூன்று வயதில் செத்தார். பிரவுன் போன துக்கத்தில் மேக்ஸ் ரோச்சே குடியில் சில காலம் மூழ்கிப்போனார். ஆக, நல்ல பிள்ளையின் நினைவு யாரையும் காவல் காக்கவில்லை.

கைமாறியது வேலை. ஒரு சங்கதியை எப்படித் தொடங்கி, எத்தனை தூரம் மூச்சு பிடித்து இழுத்து, எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்கிற அந்த வேலை. மோர்கனிடம் அது நக்கலாக மாறியது. இண்டியானாபொலிஸில் பிறந்த ஃப்ரெடி ஹப்பர்டிடம் அது பெரிய உடம்போடு, சாக்ஸபோன்காரர்களின் பாய்ச்சல்களையும் சேர்த்துக்கொண்டு வந்தது. மெம்ஃபிஸ் பையன் புக்கர் லிட்டில் 1958இல் அதே ரோச்சின் குழுவில் வந்து உட்கார்ந்தார். பிரவுனின் சுத்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, அதைக் கசப்பான, கோணலான ஸ்வரங்களுக்குப் பயன்படுத்தினார். அவரும் 1961இல் இருபத்துமூன்று வயதில் போனார். மூவருமே 1938இல் பிறந்தவர்கள். பிரவுன் செத்தபோது பள்ளிக்கூட வயதைத் தாண்டாதவர்கள். உட்டி ஷா ட்ரம்பெட்டைக் கையில் எடுத்ததே 1956 ஜூனில். பிரவுன் இறந்த அதே மாதம் என்பது அவருக்கே வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. இந்த நால்வரையும் வரிசையாகக் கேட்டால் யாரும் யார் மாதிரியும் இல்லை. பிரவுனை அப்படியே நகலெடுத்து வாசிக்கிறவர்கள் வேறு பல பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை நான் சொல்லவில்லை, உங்களுக்கும் தேவைப்படாது.

லாரூ பின்னாளில் கணவர் பெயரில் அறக்கட்டளை வைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கிற வேலையைச் செய்தார். அஞ்சலித் தட்டுகள் வந்துகொண்டேயிருந்தன. பிரவுனோடு 1954 டிசம்பரில் பாடிய ஹெலன் மெரில், நாற்பது வருஷம் கழித்து அவருக்காக ஒரு தட்டு போட்டார். அதில் வாசிக்க ட்ரம்பெட்காரர்கள் நாலு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் இடத்தை நிரப்ப நாலு பேரா என்று கேலி செய்யலாம். கேட்டுவிட்டுக் கேலி செய்யுங்கள். வில்மிங்டனில் 1989 முதல் ராட்னி சதுக்கத்தில் அவர் பெயரில் ஜாஸ் விழா நடக்கிறது. டிக்கெட் கிடையாது, நாற்காலியை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பிரவுன் வாசிக்கிற படச்சுருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. டெட்ராய்டில் ஸூப்பி ஸேல்ஸ் என்ற நகைச்சுவை நடிகர் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்து இரண்டு பாட்டு வாசித்தது. பல ஆண்டுகள் மூலையில் கிடந்து 1990களில் வெளிவந்தது. வாசித்து முடித்ததும் நிகழ்ச்சிக்காரரோடு கூச்சத்தோடு நாலு வார்த்தை பேசுவார். ட்ரம்பெட் படிக்கிற பிள்ளைகள் அந்தச் சில நிமிஷத்தை அவர் உதட்டை மட்டும் பார்ப்பதற்காகத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள்.

என் பேச்சு போதும். ஒலிபெருக்கி தயாராக இருக்கிறது. முதலில் 'ஜாய் ஸ்பிரிங்' போடச் சொல்லியிருக்கிறேன். சுருதி ஏறுகிற இடத்தில் கையைத் தூக்குங்கள், எத்தனை பேர் பிடிக்கிறீர்கள் என்று பார்ப்போம். அடுத்து 'செரோக்கி'. மூன்றாவதாக லீ மோர்கன் வாசித்த 'ஐ ரிமெம்பர் கிளிஃபோர்ட்'. அதன் பிறகு, நவாரோ கட்சிக்காரர்கள் யாராவது இருந்தால் முன்வரிசைக்கு வரலாம்.